எதுக்கும் இருக்கட்டும்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் பேசியபோது நன்றாகத்தான் இருந்தாய். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். போனைப் போல இதைப் பாதியில் துண்டிக்க முடியாது.

நேற்று நீ காதில் வாங்கியது கால்வாசி. முழுசாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளி மைதானத்தின் பின்சுவரை ஒட்டி, அபாயக் கழிவுகளை எரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. தொடர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். காற்று வேகமாக அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிவப்புப் பை உருண்டு பறந்து வந்து ஓடுதளத்தில் விழுந்து கிழிந்தது. நான் விசிலை வாயில் வைப்பதற்குள் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். ஒருத்தன் உள்ளே கிடந்த குழாயை எடுத்துப் பீப்பீ ஊதிக்கொண்டிருந்தான். பிடுங்கி எறிந்து, எல்லாரையும் கை கழுவ விரட்டிவிட்டு, பையைத் திருப்பிப் பார்த்தேன். 'தொற்று அபாயம்' என்று கறுப்பில் கொட்டை எழுத்து. கீழே உங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் உன் கையெழுத்து.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, மறுபடி மேலே கொண்டுவந்து சுழிக்கிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். மார்க் ஷீட்டில் அப்பா மாதிரி நீ கையெழுத்துப் போட்டபோதும் அந்த வாலால்தான் மாட்டினாய்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "எங்க மாடிப் பையா? அதுல ஒண்ணும் இருக்காது, பயப்படாத." எனக்கு உயிர் திரும்பி வந்தது. போனை வைத்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். ஒன்றும் இல்லாத பையில் 'தொற்று அபாயம்' என்று ஏன் கையெழுத்துப் போட்டாய்? ஒன்றும் இல்லாததை லாரியில் ஏற்றி, என் பிள்ளைகள் ஓடி மூச்சு வாங்குகிற இடத்தில் ஏன் கொண்டுவந்து கொளுத்துகிறாய்? நீ சொன்னதை நம்புவதா, எழுதியதை நம்புவதா?

இன்னொன்று. உனக்கும் எனக்கும் நடுவில் அரை நாள் பயணம். உன் குப்பை வாரம் தவறாமல் என்னைப் பார்க்க வந்துவிடுகிறது. நீதான் வரமாட்டேன் என்கிறாய்.

தங்கை


மார்ச் 10

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாவது முறையும் கோபம்தான், ஆனால் கொஞ்சம் நிதானமான கோபம்.

முதலில், சிவப்புப் பையைக் கையால் தொட்டுப் புரட்டியிருக்கிறாய். அதற்கு உன்னை நிற்க வைத்துத் திட்ட வேண்டும். ஆலைக்காரர்களிடம் நான் பேசினேன். "அப்படிப் பறக்க வாய்ப்பே இல்லையே மேடம்" என்றார்கள். பறந்தது என்று என் தங்கை சொல்கிறாள் என்றேன். "பாத்துக்கறோம்" என்றார்கள். பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். விசில் ஊதினால் எல்லாரும் நிற்கிற இடம் இல்லை இது. நாங்கள் வளர்ப்பது உயிருள்ள செல்கள். ஒரு குப்பியிலிருந்து சொட்டு எடுக்கும் பிளாஸ்டிக் முனை இன்னொரு குப்பியில் பட்டால் போச்சு, மாதக்கணக்கில் செய்த வேலை பாழ். அதனால் தொட்டதும் எறிகிறோம். ஒரு சொட்டுக்கு ஒரு முனை, ஒரு வேலைக்கு ஒரு ஜோடி கையுறை. கண்ணாடிக் குழாயைக் கழுவி வேகவைத்துப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது யாருக்கும் அதற்கு நேரமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

பிறகு, செல் வளர்க்கும் அறைக்கு முன்னால் ஒரு வெளியறை இருக்கிறது. அங்கேதான் பெட்டிகளைப் பிரிப்போம், மேலங்கி மாட்டுவோம். உயிருள்ள எதுவும் அங்கே வருவதில்லை. ஆனாலும் அங்கே இருக்கும் குப்பைத் தொட்டியும் சிவப்புதான். யார் வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "எதுக்கும் இருக்கட்டும்." எங்கள் கட்டடத்தின் எழுதாத சட்டம் அதுதான். கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை, எதுக்கும் இருக்கட்டும். ட்யூப் பாக்கெட்டின் ஓரம் கிழிந்திருக்கிறதா, பாக்கெட்டோடு எறி, எதுக்கும் இருக்கட்டும். காற்றில் பறக்கிற அளவுக்கு லேசாக இருந்தது என்றால், உங்கள் மைதானத்தில் விழுந்த பை அந்த வெளியறைப் பையாக இருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் ஒன்றும் இருக்காது என்றேன்.

மாடி முழுவதற்கும் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. பை போனால் என் கையெழுத்து போக வேண்டும். அது விதி. நாளைக்கே ஒருத்தருக்கு ஏதாவது ஆனால் கழுத்துக்குக் கத்தி வருவது எனக்குத்தான். அதை மட்டும் யோசித்துப் பார்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். உன் கழுத்துக்குக் கத்தி வரக்கூடாது என்று என் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் புகை வருகிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நான் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன், நம்பு. ஆலை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது புகைபோக்கி கட்டப் போகிறார்களாம். காரணமும் போட்டிருக்கிறார்கள்: 'ஆராய்ச்சி நிறுவனங்களின் தொற்றுக் கழிவு பெருமளவு அதிகரித்துள்ளதால்.' கழிவு அனுப்பும் நிறுவனங்களில் முதல் பெயர் உங்களுடையது. அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாமாம்.

ஒரு புகைபோக்கிக்கே இங்கே என்ன ஆகிறது தெரியுமா? அடுப்பு மூட்டும் நாட்களில் மாலைப் பயிற்சியை ரத்து செய்கிறேன். என்னிடம் ஒருத்தி இருக்கிறாள், நெட்டை என்று கூப்பிடுவோம். ஓட ஆரம்பித்தாள் என்றால் மற்றவர்கள் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இரண்டு மாதமாக விடாத இருமல். போன வாரம் அவள் அம்மா வந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அவள செஸ்ல சேத்துட்டேன். அதுல மூச்சு வாங்காதில்ல" என்றார். நான் என்ன சொல்ல? செஸ் நல்ல விளையாட்டு என்றேன். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய் அழுதேன்.

புகையால்தான் இருமல் என்று நான் நிரூபிக்க முடியாது. ஆலைக்காரர்கள் நாலு பேப்பரைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பைகளில் பாதிக்கு மேல் எரிக்கவே தேவையில்லாத சுத்தமான பிளாஸ்டிக் என்று உன்னால் சொல்ல முடியும். உனக்குத் தெரியும். எனக்கு எழுதியே கொடுத்துவிட்டாய். அதைக் கூட்டத்தில் வந்து சொல். இரண்டாவது புகைபோக்கி வந்தால் இந்த மைதானம் போச்சு. வண்டி நிறுத்த விட்டுவிட வேண்டியதுதான்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. சைக்கிளைக் கூட நீ ஓட்டித் தேய்த்த பிறகுதான் எடுத்தேன். இதை மட்டும் கேட்கிறேன்.

தங்கை


மார்ச் 24

சின்னவளுக்கு,

நீ சொன்னதைச் சும்மா விட முடியவில்லை. வெளியறைப் பை ஒன்றைக் கட்டிப் போகவிடாமல் நிறுத்தி, தரையில் விரிப்புப் போட்டு, கொட்டிப் பார்த்தேன். என் ஆராய்ச்சி மாணவி உடன் இருந்தாள். சந்தைக்கடை மாதிரி பரப்பி வைத்தோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? உறை கிழிக்காத ட்யூப் கட்டுகள். முனைகள் அடுக்கி வந்த பெட்டிகள், ஒரு கீறல் இல்லாமல், மறுபடி நிரப்பினால் வருஷக்கணக்கில் உழைக்கும். கையுறைகள், விரல் விறைப்பாக, ஒரு கை கூட உள்ளே போகாதவை. உறைகள், உறைகளுக்கு மேல் உறைகள். காகிதக் கைக்குட்டை சுற்றிய ஒரு காப்பிக் குவளையும் இருந்தது. அதுவும் தொற்று அபாயம். அதற்கும் என் கையெழுத்து.

மாணவியிடம் "இந்த ட்யூப்பை எல்லாம் யார் எறிஞ்சது?" என்றேன். "போன மாசம் வந்ததுங்க மேடம். கீழ விழுந்த பெட்டி. உள்ள உறை இருந்துச்சு, இருந்தாலும்..." என்று இழுத்தாள். நானே முடித்தேன்: "எதுக்கும் இருக்கட்டும்." அவள் தலையாட்டினாள்.

அன்றைக்கே வெளியறைத் தொட்டியை மாற்றினேன். பெட்டிகளை மறுபடி நிரப்புகிறோம். செல் படாத வேலைகளுக்குக் கண்ணாடிக் குப்பி, கழுவி வேகவைத்து. செல்லோடு சம்பந்தப்பட்டதில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். என் லேப்பில் சிவப்புப் பை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு செல் கூடச் சாகவில்லை. எதிர் லேப்பின் பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். "ஆமா சார், உங்க வீட்டுப் பாத்திரம் இருந்தாலும் குடுங்க" என்றேன். சிரிக்கவில்லை.

இனி உனக்குப் பிடிக்காதது. கூட்டத்துக்கு வர இயக்குநரிடம் அனுமதி கேட்டேன். "நீங்க போய்ச் சொன்னா, இத்தனை நாளா நாம தப்பா எழுதிக் குடுத்தோம்னு ஆகும்ல?" என்றார். ஆகும்தான் என்றேன். "அப்ப போகாதீங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நான் பார்த்ததை எல்லாம் விவரமாக எழுதித் தருகிறேன். என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போடாமல் நீ கூட்டத்தில் வாசிக்கலாம்.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

வேண்டாம்.

பெயர் போடாத காகிதத்தை வாசித்தால் "யாரும்மா சொன்னது?" என்று முதல் கேள்வி வரும். நான் என்ன சொல்வேன், காற்றில் பறந்து வந்தது என்றா? அதையும் ஆலைக்காரன் வாய்ப்பே இல்லை என்பான்.

எரிப்பதற்குப் பெயர் போடுகிறாய். எரிக்காதே என்று சொல்வதற்கு மட்டும் பெயர் கிடையாது. நல்லாயிருக்கு உன் நியாயம்.

உன் லேப்பில் பாதி குறைத்ததற்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நெட்டையை ஓடச் சொல்ல முடியாது.

இனி எழுத மாட்டேன். நீ உன் கழுத்தைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 5

சின்னவளுக்கு,

நீ எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுவேன். இந்த வாரம் இங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

உன் கடிதம் வந்த அன்று ஸ்டிக்கர் சுருளை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் செய்கிற வேலை. சுருள் முழுக்க வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். வாரம் முழுவதும் பை கட்டக் கட்ட ஒட்டிக்கொள்வார்கள். பேனாவைத் திறந்த பிறகுதான், கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படித்தேன். 'இதிலுள்ள அனைத்தும் தொற்று அபாயம் கொண்டவை என நேரில் கண்டு சான்றளிக்கிறேன்.' நேரில் கண்டு. பையில் ஒரு துரும்பு விழுவதற்கு முன்பே நான் நேரில் கண்டிருக்கிறேன். இப்படி ஒரு அசட்டுத்தனத்தை உலகத்தில் எங்களைப் போல் படித்தவர்களால்தான் செய்ய முடியும்.

சுருளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எல்லா லேப்புக்கும் சொல்லிவிட்டேன்: பையைத் திறந்து காட்டுங்கள், உள்ளே தொற்று இருந்தால் அங்கேயே கையெழுத்து. மற்றதைப் பிரித்துக்கொண்டு வாருங்கள்.

முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது நாள் தாழ்வாரத்தில் பைகள் இடுப்பு உயரம். ஸ்டிக்கர் இல்லாமல் லாரிக்காரர் தொடமாட்டார், அது அவருடைய விதி. எதிர் லேப் பேராசிரியர் பைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து வந்து, "கையெழுத்துதானம்மா, போட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சிடுவீங்க?" என்றார். "திறங்க சார், உடனே போடறேன்" என்றேன். திறந்தார் பாவம். உள்ளே அவர் வீட்டிலிருந்து வந்த பார்சலின் குமிழ் உறை, அவர் முகவரியோடு. அதற்குப் பிறகு அந்த லேப்பில் ஒரு பை கூடத் திறக்கச் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே உட்கார்ந்து பிரித்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

இயக்குநர் கூப்பிட்டார். "வேலைய நிறுத்திப் போராடறீங்களா?" என்றார். "இல்ல சார், இப்பதான் வேலையச் செய்யறேன். இத்தனை நாள் கையெழுத்துதான் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன். முகம் சிவந்துவிட்டது. திங்கள் முதல் அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றப் போகிறார்களாம். மாற்றட்டும். புதிதாக வருபவர் ஒரே உட்காரலில் சுருளை முடித்துக் கொடுப்பார், எனக்குத் தெரியும்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். பதினொன்றாம் தேதி வருகிறேன். மாடியின் இன்னொரு மூலையில், நான் சொல்லியும் திருந்தாத ஒரு வெளியறையிலிருந்து, கட்டிய பை ஒன்றைக் கொண்டு வருகிறேன். பழைய சுருளின் ஸ்டிக்கர் ஒட்டியது. எல்லார் எதிரிலும் பிரிப்பேன். நீ கூட்டத்தில் ஒரு மேசைக்கு மட்டும் சொல்லி வை.

பெயரோடுதான் பேசுவேன். சந்தோஷமா?

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இயக்குநரின் போன் வந்ததும் நீ பாதியில் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ மேசையில் கொட்டிப் பரப்பியது அப்படியே கிடந்தது. ஆலை மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். கூட்டத் தலைவர் எழுந்து வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, உறை பிரிக்காத ஒரு ட்யூப் கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எதுக்குங்க எரிக்கணும்?" என்று மேலாளரைக் கேட்டார். அவர், "நாங்க பையைத் திறக்கறதில்ல சார். ஸ்டிக்கர்ல என்ன இருக்கோ அதான் எங்களுக்கு" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்புறம் ஆள் சுதாரித்துக்கொண்டார். "அந்தம்மாவ நிறுவனம் அனுப்பல. அவங்க சொல்றது நிறுவனத்தோட கருத்து இல்ல. தொற்று இருக்கு, இல்லைனு அவங்க சொன்னா ஆச்சா?" என்றார். நான் எழுந்து கத்தப் பார்த்தேன். தலைவர் கையமர்த்தினார். எல்லாவற்றையும் பையில் திரும்பப் போட்டு, எங்கள் எதிரிலேயே முத்திரை வைத்தார். அந்தப் பையில் இருந்தது தொற்றா இல்லையா என்று உங்கள் நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டுமாம். தொற்று என்றால் புகைபோக்கிக்கு அனுமதி. இல்லை என்றால் அனுமதி கிடையாது. அதுவரை ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது.

உங்கள் இயக்குநர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். தொற்று என்று எழுதினால் உன்னையும் தொலைத்துக்கட்டலாம், தன்னையும் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். உன்னை இதில் இழுத்துவிட்டேனே என்று இருக்கிறது. உன் கழுத்தைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தச் சிவப்புப் பையை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நீ வாசலில் வந்து நின்றபோது நானும் எழுந்து நின்றுவிட்டேன். பெருமையாக இருந்தது. எழுதிவிட்டேன், போனில் திரும்பச் சொல்லச் சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

நீ நினைத்ததுதான் நடந்தது, முதலில். நான் ஊர் திரும்பிய மறுநாளே குற்றச்சாட்டு வந்தது: 'அபாயகரமான தொற்றுப் பொருளைப் பொது இடத்துக்குக் கொண்டு சென்றது.' வேலை போகிற குற்றம். லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் செல்களுக்கு உணவு மாற்றக் கூட விடவில்லை. மாணவி அழுதுகொண்டே பார்த்துக்கொள்கிறாள். அன்று இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை, பயத்தில்தான்.

விசாரணையில் ஒன்றே ஒன்று கேட்டேன். தொற்று என்கிறீர்கள், சரி, சோதித்துவிட்டுச் சொல்லுங்கள். முத்திரை வைத்த பை கூட்டத் தலைவரிடம் இருக்கிறது, வரவழையுங்கள். அவர்களால் மறுக்க முடியவில்லை, தலைவரும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறாரே. பையில் இருந்த ஒவ்வொன்றிலும் துடைத்து எடுத்து, தட்டுகளில் தடவி, கதகதப்பில் வைத்தார்கள். அதில் நோய்க்கிருமி இருந்தால் தட்டில் முளைக்கும். வைத்தார்கள், பார்த்தார்கள், மறுபடி வைத்தார்கள். ஒரு தட்டிலும் நோய்க்கிருமி எதுவும் முளைக்கவில்லை. அந்த முடிவைத் தலைவருக்கு மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். அசடு நான். இன்று காலை இரண்டாவது குற்றச்சாட்டு. 'நிறுவனத்துக்குச் சொந்தமான, பயன்படுத்தத் தக்க நிலையில் உள்ள, தூய பிளாஸ்டிக் பொருட்களை அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றது.' இப்போது நான் திருடி.

இயக்குநர் அறைக்குப் போனேன். "சார், கட்டி எரிக்க அனுப்பினது எப்ப சொத்தாச்சு?" என்றேன். "எங்ககிட்ட வாதாடாதீங்க. தண்டனை இல்லாம விட்டா நாளைக்கு எல்லாரும் எடுத்துட்டுப் போவாங்க" என்றார். ஒரு மாதம் சம்பளம் இல்லாத விடுப்பு. மாணவி தனியாக ஒரு மாதம் சமாளிக்க முடியாது, என் செல்கள் அதற்குள் செத்துப்போகும், இரண்டு வருஷ வேலை. எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவுகள் எல்லாவற்றையும் படார் படாரென்று சாத்திவிட்டு வரவேண்டும் போல இருந்தது. மெதுவாகத்தான் சாத்தினேன்.

விடுதிக்கு வந்து அந்தக் காகிதத்தை மறுபடி படித்தேன். கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. என்னைத் திருடி ஆக்குகிற அவசரத்தில், தலைவர் கேட்ட கேள்விக்கு நிறுவனம் பதில் எழுதிவிட்டது. சொந்தமானது, பயன்படுத்தத் தக்கது, தூயது. இயக்குநரே எழுதியிருக்கிறார், முத்திரை போட்டு.

நகல் இத்துடன் இருக்கிறது. கையில் கிடைத்ததும் கூட்டத் தலைவரிடம் நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு.

அக்கா